ஆல்ட்மெட்ரிக் எண் அசையவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

நெட்வொர்க் பகுப்பாய்வு மென்பொருள் ஒன்றைப் பற்றிக் கட்டுரை வெளியாகிறது. நாலு பேர் பகிர்கிறார்கள், இரண்டு பேர் எழுதுகிறார்கள். ஆனால் கட்டுரைக்கு இணையத்தில் கிடைக்கும் கவனத்தை எண்ணும் ஆல்ட்மெட்ரிக் தளத்தின் பக்கத்தில் எண் அசையவில்லை. இப்படி ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐயை; அடுத்தது, பகிர்ந்தவர் எந்த முகவரியை ஒட்டினார் என்பதை. பெரும்பாலான கோளாறுகள் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். ஆல்ட்மெட்ரிக் கட்டுரையைப் படிப்பதில்லை. கட்டுரையின் அடையாள எண்ணுக்கு இணையத்தில் எங்கெல்லாம் இணைப்பு போகிறது என்று எண்ணுகிறது, அவ்வளவுதான்.

காலாப்பட்டு, சிதம்பரம், பறங்கிப்பேட்டைப் பக்கத்து ஆய்வு மாணவர்களையும் கல்லூரி நூலகர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. விளக்கத்துக்கு ஒரு கற்பனைக் கட்டுரை: கடலூர் முதுநகர் இறங்குதளத்துக்கு வரும் மீன்களின் உணவு வலையை அலச ஆர் நிரல்மொழியில் எழுதிய ஒரு தொகுப்பு. கட்டுரை ஆய்விதழில், முன்வரைவு ஆர்க்கைவ் என்ற முன்வரைவுத் தளத்தில், நிரல் கிட்ஹப் என்ற நிரல் களஞ்சியத் தளத்தில், அதன் நகல் செனோடோ என்ற சேமிப்புத் தளத்தில். இந்த நான்கின் முகவரிகளையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியில் எந்த எண் எதனுடையது என்று குழம்பும்.

அறிகுறி: கட்டுரைக்கு ஆல்ட்மெட்ரிக் பக்கமே இல்லை, அல்லது பேட்ஜ் (எண்ணைக் காட்டும் வண்ண வளையம்) தெரியவில்லை

உலாவியில் டிஓஐ தளத்தின் முகவரியை (doi.org) அடித்து, சாய்கோடு போட்டு, 10-இல் தொடங்கும் உங்கள் எண்ணை ஒட்டுங்கள். கட்டுரைப் பக்கம் திறந்தால் எண் உயிரோடு இருக்கிறது. "டிஓஐ கிடைக்கவில்லை" என்று வந்தால் இரண்டு வாய்ப்பு.

ஒன்று, நகலெடுக்கும்போது கடைசியில் முற்றுப்புள்ளியோ அடைப்புக்குறியோ இடைவெளியோ ஒட்டிக்கொண்டது. பிடிஎஃபில் வரி உடையும் இடத்தில் எடுத்தால் இது அடிக்கடி நடக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பிரச்சினை இல்லை. டிஓஐக்கு இரண்டும் ஒன்றே.

இரண்டு, ஆய்விதழ் எண்ணை அச்சிட்டுவிட்டு, டிஓஐகளைப் பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃபில் பதிவு செய்யாமல் விட்டது. சிறிய ஆய்விதழ்களில் இது சகஜம். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: "இந்த எண் திறக்கவில்லை, கிராஸ்ரெஃபில் பதிவேற்றிவிட்டுத் தெரிவியுங்கள்" என்று ஆசிரியர் குழுவுக்கு எழுதுவது. பதிவாகும்வரை அந்த எண்ணைப் போட்டு யார் பகிர்ந்தாலும் வீண்.

இந்தத் துறையில் டிஓஐயே இல்லாத புகழ்பெற்ற கட்டுரைகளும் உண்டு. ஐகிராஃப் என்ற நெட்வொர்க் தொகுப்புக்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்டர்ஜர்னலில் 1695 என்ற வரிசை எண்ணோடு வந்தது; டிஓஐ கிடையாது. நெட்வொர்க் வரையும் மென்பொருளான கெஃபியின் 2009 மாநாட்டுக் கட்டுரைக்கு எண் பிற்பாடுதான் வந்தது. சைட்டோஸ்கேப் என்ற இன்னொரு நெட்வொர்க் மென்பொருளின் கட்டுரை 2003-இல் ஜீனோம் ரிசர்ச்சில் வெளியானது, அதற்கு டிஓஐ உண்டு. ஆனால் ஆல்ட்மெட்ரிக் நிறுவனமே 2011-இல்தான் தொடங்கியது. முதல் எட்டு ஆண்டுப் பேச்சில் பெரும்பகுதி அதன் கணக்குக்கு வெளியே. ஆகவே பழைய கட்டுரையையும் போன மாதக் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிடாதீர்கள்.

டிஓஐ திறக்கிறது, ஆல்ட்மெட்ரிக் பக்கம் மட்டும் இல்லை என்றால் இதுவரை ஒரு குறிப்பும் (கட்டுரையைச் சுட்டும் பதிவு) சிக்கவில்லை என்று பொருள். கட்டுரைகளைச் சேமித்து வைக்க உதவும் மெண்டலேயில் முப்பது பேர் சேமித்திருப்பது தெரிந்தும் பக்கம் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. மெண்டலே வாசகர் எண்ணிக்கை ஸ்கோரில், அதாவது ஆல்ட்மெட்ரிக் காட்டும் மொத்த எண்ணில், சேராது. அதை மட்டும் வைத்துப் பக்கமும் திறக்கப்படாது. வேறு ஏதாவது ஒரு மூலத்திலிருந்து ஒரே ஒரு குறிப்பு வந்தால் போதும், பக்கம் பிறந்து மெண்டலே எண்ணும் அதில் வந்து உட்காரும்.

துறையின் இணையதளத்தில் நீங்களே பேட்ஜ் பதித்திருந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள். டிஓஐக்கான இடத்தில் முழு இணைய முகவரி இருக்கக்கூடாது, 10-இல் தொடங்கும் பகுதி மட்டும். "குறிப்பு இல்லாவிட்டால் மறைத்துவிடு" என்ற அமைப்பு போடப்பட்டிருந்தால் பேட்ஜ் கண்ணில் படாது. அது கோளாறு இல்லை. மூன்றாவது, வேர்ட்பிரஸ் போன்ற தளங்களில் போதிய உரிமை இல்லாத பயனர் ஒட்டும் ஸ்கிரிப்ட் வரி சேமிக்கும்போதே வெட்டப்பட்டுவிடும். பக்கத்தின் மூலநிரலைத் திறந்து அந்த வரி இருக்கிறதா என்று தேடினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: பலர் பகிர்ந்தார்கள், எண் ஏறவில்லை

நம் பக்கத்தில் அதிகம் வருவது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

பகிரப்பட்ட பதிவு ஒன்றைத் திறந்து, அதிலுள்ள இணைப்பின் மீது சொடுக்காமல் முகவரியை நகலெடுத்து ஒரு வெற்றுக் கோப்பில் ஒட்டுங்கள். பல்கலைக்கழக நூலகத்தின் தொலை அணுகல் வழியாகக் கட்டுரையைத் திறந்தவர், முகவரிப் பட்டையில் இருந்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார். ஆய்விதழின் பெயர் நடுவில் இருக்கும், ஆனால் முன்னேயோ பின்னேயோ நூலகத்தின் பிராக்ஸி முகவரி தொற்றிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து சொடுக்கினால் உள்நுழைவுப் பக்கம்தான் வரும். மனிதருக்கே கதவு திறக்காத இடத்தில் கணக்கெடுக்கும் நிரலுக்கும் திறக்காது. டிஓஐ இணைப்பைப் போட்டு மீண்டும் பகிரச் சொல்லுங்கள்.

அடுத்தது, ரிசர்ச்கேட் பக்கத்தின் இணைப்பு, கூகுள் டிரைவில் ஏற்றிய பிடிஎஃப், முதல் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். மூன்றும் கணக்கில் வராது. ஆய்விதழின் சொந்தத் தளத்திலேயே இருந்தாலும் பிடிஎஃபுக்கு நேராகப் போகும் இணைப்பு சில சமயம் தவறிவிடும். கட்டுரைச் சுருக்கம் இருக்கும் பக்கத்தை, அல்லது டிஓஐயைக் கொடுப்பது பத்திரம். குறுக்கப்பட்ட முகவரிகள் பொதுவாக விரித்துப் படிக்கப்படுகின்றன; அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இணைப்பு சரி என்றால், பகிர்ந்த இடத்தைப் பாருங்கள். வாட்ஸ்அப் குழு, டெலிகிராம், மின்னஞ்சல் எதுவும் கணக்கில் இல்லை. பேஸ்புக்கில் பொதுப் பக்கங்களின் பதிவுகள் மட்டும் எடுக்கப்படும். தனிநபரின் சுவரும் மூடிய குழுவும் வெளியே. துறையின் முன்னாள் மாணவர் குழுவில் இருநூறு பேர் விருப்பக்குறி போட்டாலும் ஒன்றும் நடக்காது. விருப்பக்குறி எங்குமே எண்ணப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். எக்ஸ் தளத்தில் பூட்டிய கணக்கு உதவாது. ரெடிட்டில் தொடக்கப் பதிவு மட்டும் சேரும், கீழே வரும் பின்னூட்டம் சேராது. யூடியூப் விளக்கக் காணொளி போட்டால் இணைப்பைக் காணொளிக்குக் கீழேயுள்ள விவரப் பகுதியில் எழுதுங்கள். வாயால் சொன்னதும் திரையில் காட்டியதும் போதாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் எண் நகராவிட்டால் கணக்கிடும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மூலத்துக்கும் ஓர் எடை உண்டு: செய்தித்தளம் 8, வலைப்பதிவு 5, விக்கிப்பீடியா 3. எக்ஸ் பதிவுக்கு ஒரு காலத்தில் 1 இருந்தது, பிறகு அது கால் பங்காக, அதாவது 0.25 ஆகக் குறைக்கப்பட்டது. பேஸ்புக்கும் 0.25 தான். ஒரே ஆள் ஒரே மூலத்தில் பத்துத் தடவை பகிர்ந்தாலும் ஒரு தடவைக்குத்தான் மதிப்பு. ஸ்கோர் எப்போதும் முழு எண்ணாகக் காட்டப்படுவதால், முதல் பேஸ்புக் பதிவுக்கு எண் ஒன்றுக்கு ஏறும். இரண்டாவதற்கு அசையாமல் நிற்கலாம். இரண்டாவது பதிவு பிடிபட்டதா என்று பார்க்க ஸ்கோரைப் பார்க்காதீர்கள். பக்கத்துக்குள் போய் மூலவாரியான பட்டியலைத் திறந்து பதிவையே தேடுங்கள்.

நம் உணவு வலைக் கட்டுரைக்கு இரண்டு செய்தித்தளக் குறிப்பும் ஒரு வலைப்பதிவும் ஓர் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையும் கிடைத்தால் 16, 5, 3 சேர்ந்து 24. நான்கே குறிப்புகள். அதே 24-ஐ எக்ஸ் பதிவுகளை வைத்து மட்டும் எட்ட ஏறக்குறைய நூறு வெவ்வேறு ஆட்கள் வேண்டும். அறிக்கையில் 24 என்று மட்டும் எழுதினால் இந்த வித்தியாசம் மறைந்துபோகும்.

அறிகுறி: பத்திரிகையில் செய்தி வந்தது, பட்டியலில் காணோம்

நாளிதழின் கடலூர் பதிப்பில் வந்தது என்றால் முதலில் அச்சா இணையமா என்று பாருங்கள். அச்சு கணக்கில் இல்லை. இணையத்தில் வந்திருந்தால் இரண்டு வழியில்தான் பிடிபடும்: செய்திக்குள் கட்டுரைக்கு நேரடி இணைப்பு இருக்க வேண்டும், அல்லது ஆசிரியர் பெயரும் ஆய்விதழின் பெயரும் உரையில் இருந்து, அதை வைத்து நிரல் ஊகிக்க வேண்டும். இந்த இரண்டாவது வழி ஆங்கில உரைக்குத்தான் வேலை செய்கிறது. தமிழ்ச் செய்தியில் "புதுச்சேரி ஆய்வாளர்கள் புதிய மென்பொருள்" என்று தலைப்பு இருந்து, ஆய்விதழின் பெயர் "சர்வதேச இதழ் ஒன்றில்" என்று கரைந்துபோயிருந்தால் எந்த வழியும் இல்லை.

எனவே மருந்து செய்தி வருவதற்கு முன்னால்தான். செய்திக்குறிப்பு தயாரிக்கும்போது ஆய்விதழின் முழுப் பெயர், ஆசிரியர் பெயர் கட்டுரையில் உள்ளபடி, டிஓஐ இணைப்பு மூன்றையும் கடைசிப் பத்தியில் தனி வரிகளாகக் கொடுங்கள். "இணையப் பதிப்பில் இந்த இணைப்பை மட்டும் சேர்த்துவிடுங்கள் சார்" என்று நிருபரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் பலர் சேர்க்கிறார்கள். செய்தி வந்துவிட்ட பிறகு இணைப்பு இருந்தும் பிடிபடவில்லையென்றால், ஆல்ட்மெட்ரிக் ஆதரவுப் பக்கத்தில் விடுபட்ட குறிப்பைத் தெரிவிக்கும் படிவம் இருக்கிறது. செய்தியின் முகவரி, கட்டுரையின் டிஓஐ இரண்டையும் கொடுக்க வேண்டும். அந்தச் செய்தித்தளமே அவர்கள் பட்டியலில் இல்லையென்றால் அதையும் அதே படிவத்தில் சொல்லலாம்.

விக்கிப்பீடியா விஷயமும் இதே வகைதான். எல்லா மொழிப் பதிப்புகளும் எடுக்கப்படுவதில்லை. ஆங்கிலம், ஃபின்னிஷ், சுவீடிஷ் போன்ற சில உண்டு. தமிழ் விக்கிப்பீடியா எடுக்கப்படும் என்று நம்பி இருக்காதீர்கள். ஆங்கிலப் பதிப்பிலும் மேற்கோள் வார்ப்புருவுக்குள் டிஓஐ இருந்தால்தான் சேரும். பத்துப் பக்கங்களில் மேற்கோள் இருந்தாலும் எடை 3-க்கு மேல் போகாது. இதைப் படித்துவிட்டுச் சொந்தக் கட்டுரையைத் தானே போய் விக்கிப்பீடியாவில் செருகக் கிளம்பாதீர்கள். நலன் முரண் என்று நீக்குவார்கள். உங்கள் கணக்குக்கும் கெட்ட பெயர்.

அறிகுறி: மென்பொருளை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், கட்டுரையைப் பற்றிப் பேச்சே இல்லை

நெட்வொர்க் மென்பொருள் கட்டுரைகளுக்கே உரிய நோய் இது. படத்துக்குக் கீழே "கெஃபியில் வரையப்பட்டது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். 2016-இல் ஹவிசன், புல்லர்ட் என்ற ஆய்வாளர்கள் 90 உயிரியல் கட்டுரைகளை எடுத்து அலசியபோது, மென்பொருள் பெயர் வந்த இடங்களில் முறையான மேற்கோளோடு இருந்தவை 31 முதல் 43 விழுக்காடு என்றுதான் மதிப்பிட முடிந்தது. மற்ற இடங்களில் பெயர் மட்டும், அல்லது இணைய முகவரி மட்டும். பெயரைச் சொல்லி டிஓஐயை விட்டால் ஆல்ட்மெட்ரிக்குக்கு அது காற்றில் போன பேச்சு. கிட்ஹப் நட்சத்திரங்களும் அதன் ஸ்கோரில் கிடையாது.

சரிசெய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. கிட்ஹப் களஞ்சியத்தின் வேர் அடைவில் சைட்டேஷன் டாட் சிஎஃப்எஃப் (CITATION.cff) என்ற கோப்பை வையுங்கள். 2021 முதல் கிட்ஹப் அதைப் படித்து, பக்கத்தின் வலப்புறம் மேற்கோள் காட்டும் பொத்தானைத் தானே காட்டுகிறது. அந்தக் கோப்பில் "விரும்பும் மேற்கோள்" (preferred-citation) என்று ஒரு பகுதி உண்டு. அதை விட்டுவிட்டால் பொத்தான் களஞ்சியத்தின் விவரத்தைத்தான் கொடுக்கும், ஆய்விதழ்க் கட்டுரையைக் கொடுக்காது. டிஓஐ அந்தப் பகுதிக்குள் இருக்க வேண்டும்.

ஆர் தொகுப்பு என்றால் இன்னொரு வேலையும் உண்டு. பயனர் சைட்டேஷன் கட்டளையை (citation) அடித்தால் என்ன வருகிறது என்று நீங்களே அடித்துப் பாருங்கள். தொகுப்பின் பெயரும் ஆண்டும் மட்டும் வந்தால், தொகுப்பின் இன்ஸ்ட் அடைவுக்குள் சைட்டேஷன் கோப்பு (inst/CITATION) இல்லை. அதை எழுதிச் சேர்த்து அடுத்த பதிப்பை வெளியிட்டால் கட்டுரையின் டிஓஐ வரும். களஞ்சியத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயின் முதல் திரைக்குள்ளேயே டிஓஐ இணைப்பு தெரிய வேண்டும். கீழே இழுத்துப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

அறிகுறி: ஒரே வேலைக்கு மூன்று நான்கு எண்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்

ஆர்க்கைவ் முன்வரைவுக்கு 10.48550 என்று தொடங்கும் எண், ஆய்விதழுக்கு வேறு, செனோடோவுக்கு 10.5281, ரிசர்ச்கேட்டில் ஏற்றும்போது கேட்டதற்கெல்லாம் சரி சொல்லியிருந்தால் 10.13140-இல் இன்னொன்று. பேச்சு நான்காகச் சிதறும்.

ஆர்க்கைவ் பக்கத்தில் உள்நுழைந்து, ஆய்விதழ்க் குறிப்பும் டிஓஐயும் நிரப்பும் இடத்தில் வெளியான கட்டுரையின் எண்ணைக் கொடுங்கள். இதற்குப் புதிய பதிப்பு ஏற்றத் தேவையில்லை. இரண்டுக்கும் உறவு உண்டு என்பதைக் கணக்கெடுப்பவருக்குக் காட்டுவது இந்தப் புலம்தான். பயோஆர்க்கைவ் போன்ற உயிரியல் முன்வரைவுத் தளம் என்றால் முன்வரைவும் கட்டுரையும் தனித்தனிப் பக்கமாகவே நிற்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனியாக எழுதுங்கள், கூட்டாதீர்கள். இரண்டு இடத்திலும் பகிர்ந்த ஒரே ஆள் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடுவார்.

எண்ணின் முன்பகுதியை மட்டும் பார்த்து அது எது என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. ஜீனோம் ரிசர்ச் ஆய்விதழும் பயோஆர்க்கைவ் முன்வரைவுத் தளமும் பல ஆண்டுகள் ஒரே 10.1101-ஐத்தான் பயன்படுத்தின.

செனோடோவில் ஒரு நுணுக்கம். முதல் முறை ஏற்றும்போதே இரண்டு எண்கள் பிறக்கின்றன: எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான ஒன்று, அந்தப் பதிப்புக்கு மட்டுமான ஒன்று. குடும்ப அட்டை எண்ணும் ஆளுக்கு ஒரு ஆதார் எண்ணும் மாதிரி. கிட்ஹப்பை செனோடோவோடு இணைத்துவிட்டால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புது எண் தானாக வந்துகொண்டிருக்கும். ரீட்மீயில் போடவேண்டியது பொது எண். முடிவுகளை யாராவது மறுபடி செய்து பார்க்கவேண்டிய இடத்தில் மட்டும் பதிப்பு எண்.

அறிகுறி: நேற்று இருந்த ஸ்கோர் இன்று குறைந்துவிட்டது

பதறவேண்டாம். அழிக்கப்பட்ட எக்ஸ் பதிவுகள் நீக்கப்படும், செய்திப் பக்கம் மறைந்தால் அதுவும் போகலாம், எடை மாற்றினால் எல்லோருக்கும் சேர்ந்தே இறங்கும். பக்கத்து அறைக்காரர் கட்டுரையும் அதே நாளில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் கடைசிக் காரணம் உறுதியாகிவிடும்.

அறிகுறி: திடீரென்று எகிறிவிட்டது

இதைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும், யாரும் பார்ப்பதில்லை. பட்டியலைத் திறந்து முதல் இருபது பதிவுகளையாவது படியுங்கள். ஒரே வாசகம் வெவ்வேறு கணக்குகளிலிருந்து நிமிடக்கணக்கில் வந்திருந்தால் தானியங்கிக் கணக்குகள். செய்திக்குறிப்பு ஒன்றே பல தளங்களில் மறுபதிப்பாகியிருக்கலாம். ஆசிரியர் பெயரையும் ஆய்விதழின் பெயரையும் வைத்து நிரல் ஊகிக்கும்போது வேறு கட்டுரையைப் பற்றி எழுதியதும் வந்து ஒட்டிக்கொள்ளலாம். தவறானதைப் படிவத்தில் தெரிவித்து நீக்கச் சொல்லலாம். பாராட்டா, ஏச்சா என்பது ஸ்கோருக்குத் தெரியாது. வெளியான கட்டுரைகளை விமர்சிக்கும் பப்பியர் தளத்தில் யாராவது உங்கள் அல்காரிதத்தில் பிழை கண்டுபிடித்து எழுதினாலும் எண் ஏறத்தான் செய்யும்.

அறிகுறி: பிளம்எக்ஸில் ஒரு கணக்கு, ஆல்ட்மெட்ரிக்கில் ஒரு கணக்கு

இரண்டும் வேறு கடைகள். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தின் பக்கத்தில் தெரிவது 2017-இல் எல்செவியர் வாங்கிய பிளம்எக்ஸ். அது ஒற்றை ஸ்கோர் தருவதில்லை, மேற்கோள், பயன்பாடு, சேமிப்பு, குறிப்பு, சமூக ஊடகம் என்று ஐந்தாகப் பிரித்துக் காட்டும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.

அறிகுறி: துறையின் மொத்தக் கட்டுரைக்கும் ஏபிஐ (நிரல் மூலம் தரவு கேட்கும் வழி) வழியாக எடுத்தால் பாதி பிழை

404 என்ற பிழை எண் வந்தால் அந்தக் கட்டுரைக்குக் குறிப்பு இல்லை. நிரல் அங்கே நின்றுவிடாமல் "தரவு இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகும்படி எழுதுங்கள். 403 என்றால் அந்த அழைப்புக்கு உங்கள் ஏபிஐ சாவிக்கு உரிமை இல்லை. 429 என்றால் வேகமாகக் கேட்கிறீர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் ஓரிரு விநாடி விடுங்கள். எக்செல் தாளில் வைத்திருக்கும் டிஓஐகளை அனுப்புவதற்கு முன் இரு முனை இடைவெளிகளையும் முன்னால் இருக்கும் இணைய முகவரிப் பகுதியையும் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல கட்டுரைகளும் 404 பட்டியலில் போய் விழும்.

எண்ணை எழுதும்போது

அறிக்கையில் ஸ்கோரோடு எடுத்த தேதி, டிஓஐ, மூலவாரியான எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். ஒப்பீடு வேண்டுமென்றால் ஆல்ட்மெட்ரிக் பக்கத்திலேயே இருக்கிறது: உங்கள் கட்டுரைக்கு ஆறு வாரம் முன்னும் பின்னும் வெளியானவற்றோடு வைத்து எந்த இடத்தில் நிற்கிறது என்று அது காட்டும். கல்வி நிறுவனங்களுக்கான என்ஐஆர்எஃப் தரவரிசையில் ஆய்வுக்காக முக்கியமாகப் பார்ப்பது வெளியீடுகளையும் மேற்கோள்களையும். இந்த எண் அங்கே செல்லாது, எனவே அந்தப் படிவத்தில் திணிக்கவேண்டாம்.

கணக்குக்கு வராத உள்ளூர்ப் பேச்சுக்குத் தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, எங்கே, யார் சொன்னது, எந்த மொழி, சான்று என்று ஐந்து நெடுவரிசை போதும். தமிழ் நாளிதழின் அச்சு நறுக்கு, கடலூர் மீன்வளக் கூட்டத்தில் தொகுப்பைக் காட்டிய அழைப்பிதழ், புதுச்சேரிப் பயிலரங்கின் வருகைப் பதிவு, பாடத்திட்டத்தில் சேர்த்ததற்கான கடிதம் எல்லாம் இங்கே வரும். வாட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாக வைத்தால் மற்றவர்களின் பெயரையும் கைபேசி எண்களையும் மறைத்துவிட்டு வையுங்கள். இந்தத் தாளில் உள்ளதை ஆல்ட்மெட்ரிக் எண்ணோடு கூட்டாமல், அறிக்கையில் தனித் தலைப்பில் கொடுங்கள்.